அக்காவிடம் மறைத்த ஐந்து தழும்புகள்

1

இன்றோடு என் இரைப்பை மூன்றில் ஒரு பங்காகி ஐந்து வருடம் ஆகிறது. கல்யாண நாளையே மனைவி நினைவுபடுத்தித்தான் தெரிந்துகொள்கிற ஆள் நான். இந்த நாள் மட்டும் மறப்பதில்லை.

காலையில் மருத்துவமனைக்குப் போனேன். இத்தனை வருடமும் என்னைப் பார்த்துவரும் டாக்டர் ஸ்கேன் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, நாற்காலியை என் பக்கம் திருப்பி, "பட்டம் பெற்றுவிட்டீர்கள்" என்றார். ஐந்து வருடம் நோய் திரும்பாமல் இருந்தால் ஜப்பானில் அப்படித்தான் சொல்வார்கள். கல்லூரிப் பட்டத்தைக்கூட நான் நேரில் போய் வாங்கவில்லை, தபாலில்தான் வந்தது. எழுந்து நின்று குனிந்து வணங்கினேன். அவரும் வணங்கினார். நான் இன்னொரு முறை வணங்கினேன். யார் கடைசியாக நிமிர வேண்டும் என்பது இருபத்தோரு வருடமாகியும் எனக்குப் பிடிபடவில்லை.

நான் இருப்பது ஹமாமட்சு என்கிற ஊரில். மோட்டார் உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை என் வேலை. வார்ப்பில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பகலெல்லாம் விளக்கடியில் பார்த்துக்கொண்டிருப்பேன். சொந்த ஊர் திருவண்ணாமலை. மலை சுற்றுகிறவர்கள் அடி அண்ணாமலையைத் தாண்டும்போது இடது கைப்பக்கம் ஒரு சின்ன இட்லிக் கடையைப் பார்த்திருப்பார்கள். அது என் அக்கா செல்வியின் கடை.

அக்காவுக்கும் அறுவை சிகிச்சை நடந்து இரண்டு வருடம் ஆகிறது. ஒரே வீட்டில், ஒரே சட்டியில் சாப்பிட்டு வளர்ந்த இரண்டு பேருக்கும் ஒரே நோய், இரைப்பைப் புற்றுநோய். என் வயிற்றில் ஐந்து தழும்புகள், ஒவ்வொன்றும் மொச்சைக்கொட்டை அளவு. அவளுக்கு ஒன்றே ஒன்று, நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புளைத் தாண்டி. இந்த வித்தியாசத்துக்கு நான் காரணம். அதை எழுதத்தான் இன்று உட்கார்ந்திருக்கிறேன்.

2

இங்கே இந்த நோய் ஜாஸ்தி. அதனால் தேடிப் பிடிக்கிறார்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்களை எங்கள் கம்பெனி வருடத்துக்கு ஒருமுறை வரிசையில் நிற்கவைத்து வயிற்றை எக்ஸ்ரே எடுக்கும். ஒரு பொடியை வாயில் போட்டு விழுங்கச் சொல்வார்கள். வயிறு பலூன் மாதிரி ஊதும். பிறகு சுண்ணாம்புக் கரைசல் போன்ற ஒன்றை ஒரு குவளை குடிக்கவேண்டும். அதன்பின் ஒரே ஒரு கட்டளை: ஏப்பம் விடக்கூடாது.

திருவண்ணாமலைக்காரனிடம் இதைச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் சாப்பிட்டு முடித்தவன் ஏப்பம் விடவில்லை என்றால் சமைத்தவள் முகம் வாடிவிடும். என் அப்பா விட்ட ஏப்பத்துக்குத் தெருமுனையில் நாய் எழுந்து நிற்கும். அந்த வம்சத்தில் வந்தவனைப் பலகையில் படுக்கவைத்து, தலைகீழாகச் சாய்த்து, "இடப்பக்கம் உருளுங்கள், வலப்பக்கம் உருளுங்கள், அடக்குங்கள், அடக்குங்கள்" என்று ஒலிபெருக்கியில் ஒரு பெண் கெஞ்சுவாள். முதல் வருடம் மூன்று முறை தோற்று மூன்று முறை பொடி விழுங்கினேன். பின்னால் நின்ற தனகா-சான், எங்கள் பிரிவின் மூத்தவர், சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார்.

ஆறு வருடம் ஒன்றுமில்லை என்றுதான் வந்தது. ஏழாவது வருடம், தடித்த உறையில் கடிதம் வந்தது. ஒல்லியான உறை வந்தால் நல்ல சேதி, தடித்தது வந்தால் உள்ளே இன்னொரு ஆஸ்பத்திரிக்குச் சீட்டு இருக்கிறது என்பது எங்கள் கம்பெனியில் எல்லாருக்கும் தெரியும்.

வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். எனக்கு வலி இல்லை, எரிச்சல் இல்லை. முந்தின நாள்கூட புளியோதரை ஒரு கட்டு கட்டியிருந்தேன்.

3

முடிவு சொல்லும் நாளன்று மகள் மீனாவையும் கூட்டிப்போனேன். அப்போது அவளுக்குப் பதினான்கு வயது, இங்கேயே பிறந்தவள். தொழிற்சாலையில் திருகாணிக்கும் விரிசலுக்கும் எனக்கு ஜப்பானிய வார்த்தைகள் தெரியும். உடம்புக்குத் தெரியாது. இங்கே வயிற்றுவலியிலேயே நாலைந்து ரகம் வைத்திருக்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஓசை. எந்த ஓசை உன் வலி என்று கேட்டால் நான் விழிப்பேன்.

டாக்டர் என்னைப் பார்த்துப் பேசாமல் குழந்தையைப் பார்த்துப் பேசினார். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். சீருடைப் பாவாடையின் மடிப்பை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"அப்பா, உள்ள ஒரு கெட்டது இருக்குதாம். ஆனா சின்னக் கெட்டது. தோல் மாதிரி மேலாப்புலதான் இருக்குதாம். ரொம்ப சீக்கிரம் பாத்துட்டோம்னு சொல்றாரு. வெட்டி எடுத்தா போயிடுமாம்."

"சின்னதுதானா?"

"சின்னதுதான்பா."

அப்புறம்தான் அழுதாள். மொழிபெயர்த்து முடிக்கிறவரை பொறுத்திருந்திருக்கிறாள். பதினான்கு வயதுக் குழந்தையை அந்த நாற்காலியில் உட்காரவைத்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டார்கள். அம்மா வயிற்றுவலியில்தான் போனாள், என்ன வலி என்று யாரும் பார்க்கவில்லை என்றேன். மீனா அதையும் சொன்னாள். தன் பாட்டி எப்படிச் செத்தாள் என்று அவள் தெரிந்துகொண்டது அன்றைக்குத்தான்.

சேர்க்கைப் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. நோயாளிக்கு உத்தரவாதம் தருகிறவர் கையெழுத்து. வேறு வீட்டில் வசிப்பவராக இருக்கவேண்டும், மனைவி போடக்கூடாது. ஊரில் என்றால் கையெழுத்துப் போட வருகிறவர்களை ஏற்றிவர ஒரு லாரி பிடிக்கவேண்டும். இங்கே யார்? கடைசியில் தனகா-சானிடம் போய் நின்றேன். அவர் ஒன்றும் கேட்காமல் சட்டைப் பையிலிருந்து, இங்கே கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும் முத்திரைக் கட்டையை எடுத்து ஊதிவிட்டுக் குத்தினார். உறவுமுறை என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று இருவரும் கொஞ்ச நேரம் யோசித்தோம். "நண்பர்" என்று எழுதினார்.

துளைகள் போட்டுச் செய்த அறுவை. மறுநாளே எழுப்பி நடக்கவிட்டார்கள். பத்து நாளில் வீட்டுக்கு வந்தேன். கீமோ என்கிற ஊசி மருந்து எதுவும் தேவைப்படவில்லை. கிளம்பும் நாளன்று டாக்டர் இரண்டு விஷயங்கள் சொன்னார். மெல்ல மெல்லச் சாப்பிடவேண்டும். இன்னொன்று, கூடப்பிறந்தவர்கள் யாராவது இருந்தால் குழாய் விட்டுப் பார்க்கச் சொல்லவேண்டும். இதற்குக் காரணமாகிற ஒரு கிருமி வயிற்றில் சின்ன வயதிலேயே வந்து குடியேறுமாம். ஒரே வீட்டில் வளர்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் சேர்ந்தே இருக்குமாம்.

"அத்தைகிட்ட சொல்லணும்பா" என்றாள் மீனா.

"சொல்றேன்" என்றேன்.

4

சொல்லவில்லை.

அக்காவைத் தெரிந்தவர்களுக்குக் காரணம் புரியும். கல்யாணமாகி இரண்டாவது வருடமே மாமா விபத்தில் போய்விட, பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள். அப்பா அம்மா இருவரும் போனபின் இட்லி சுட்டு என்னைப் படிக்கவைத்தவள். எனக்குப் பத்தாம் வகுப்பில் டைபாய்டு வந்தபோது, குணமானால் மலையைச் சுற்றி அடிப்பிரதட்சணம் செய்கிறேன் என்று வேண்டிக்கொண்டு, ஒரு பாதத்துக்கு முன் இன்னொரு பாதத்தை ஒட்டி வைத்து, பதினாலு கிலோமீட்டரையும் சித்திரை வெயிலில் அளந்துவிட்டு வந்தாள். உள்ளங்கால் தோல் உரிந்து ஒரு வாரம் படுத்திருந்தாள். டைபாய்டுக்கே இப்படி. புற்றுநோய் என்றால் உருண்டே சுற்றுவாள் என்று பயந்தேன். அது முழுப் பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. என் அக்கா எனக்காக அழுவதை மூவாயிரத்துச் சொச்ச மைலுக்கு அப்பால் உட்கார்ந்து திரையில் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அதுதான் உண்மை.

ஞாயிறுதோறும் எங்களுக்கு மதியம், அவளுக்குக் காலை வியாபாரம் முடிகிற நேரம், வீடியோவில் பேசுவோம்.

"இன்னாடா, சாப்ட்டியா?"

"ஆச்சுக்கா. நாலு தோசை."

அரை தோசையை இருபது நிமிடம் மென்றுவிட்டு அப்படிச் சொல்வேன். வேகமாகச் சாப்பிட்டால் வியர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்துப் படுக்கவேண்டியதாகிவிடும். பதினொரு கிலோ குறைந்திருந்தேன். கன்னம் ஒட்டியது தெரியாமலிருக்க ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காருவேன், முகம் இருட்டாகத் தெரியும். "லைட்டு போட மாட்டியா, கரண்டு மிச்சம் பண்றியா?" என்பாள்.

மீனா மெல்ல மெல்ல அந்த அழைப்புகளுக்கு வராமல் போனாள். ஞாயிறானால் சிநேகிதி வீடு, நூலகம், ஏதோ ஒன்று. அத்தையிடம் பேச மாட்டேன் என்கிறாயே, தமிழ் மறந்துபோச்சா என்று ஒருநாள் கோபித்துக்கொண்டேன்.

"மறக்கலப்பா. பொய் சொல்ற அளவுக்கு எனக்குத் தமிழ் வராது" என்றாள்.

பிள்ளைகள் நம்மைவிட்டு விலகுகிறார்கள் என்று புலம்பெயர்ந்தவர்கள் எழுதாத கட்டுரை இல்லை. நானும் இரண்டு எழுதியிருக்கிறேன். என் பிள்ளையை நான்தான் தள்ளிவிட்டேன் என்பது அன்றைக்குத் தெரிந்தது. தெரிந்தும் சொல்லவில்லை.

5

இப்படியே இரண்டரை வருடம் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மிகுந்த உற்சாகத்தோடு திரையில் வந்தாள். பக்கத்துத் தையல் கடை பானு அவளுடைய ஜாக்கெட்டுகளையெல்லாம் பிடித்துத் தைத்துக் கொடுத்திருந்தாள். எழுந்து நின்று திரும்பிக் காட்டினாள்.

"எப்டிடா இருக்குறேன்? கல்யாணப் பொண்ணு மாதிரி ஆயிட்டேன்னு ஊரே சொல்லுது."

"அழகா இருக்கக்கா" என்றேன். அதையும் எழுதிவிடுகிறேன். அப்படித்தான் சொன்னேன்.

பௌர்ணமி விரதத்தின் மகிமை என்றாள். அவள் எங்கள் அப்பா போன நாளிலிருந்து பௌர்ணமி தவறவிட்டதில்லை. விடியற்காலையில் வெறுங்காலில் சுற்றிவிட்டு வந்து, கடையைத் திறந்து, நாள் முழுக்க வருகிற கூட்டத்துக்கெல்லாம் இட்லி போட்டுக்கொண்டு, தான் மட்டும் பச்சைத் தண்ணீரோடு இருப்பாள். எங்கள் ஊரில் பசி இல்லை என்று ஒருத்தி சொன்னால் யாரும் டாக்டரிடம் அனுப்ப மாட்டார்கள். கும்பிடுவார்கள்.

"முன்னெல்லாம் விரதம் முடிச்சா பறக்காவெட்டி மாதிரி துன்னுவேன். இப்ப பாரு, ரெண்டு நாளாவுது, பசியே எடுக்கல. ரெண்டு வாய் வெச்சா ரொம்பிடுது. அவன் குடுத்த வரம்டா இது."

"எரிச்சல் கிரிச்சல் இருக்குதா?"

"அது கேஸு. அடுப்ப அணைச்ச அப்புறம் கரி சூடா கெடக்கும் பாரு, அந்த மாதிரி மேல் வயித்துல. மெடிக்கல்ல மாத்திரை குடுக்குறான், போட்டா கம்மியாயிடுது. ரத்தம் கம்மின்னு சத்து மாத்திரையும் வாங்கிப் போடுறேன்."

என் மனைவி சுமதி பக்கத்தில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். கொஞ்சம் சாப்பிட்டாலே நிரம்புவது, உடம்பு இளைப்பது, ரத்தம் குறைவது என்று எனக்குக் கொடுத்த ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் படம் போட்டு எழுதியிருந்தது. மீனா அதன் ஓரத்தில் பென்சிலால் தமிழில் குறித்து வைத்திருந்தாள். நானும் சுமதியும் அதைப் படித்திருந்தோம்.

அழைப்பு முடிந்ததும் சுமதி சொன்னாள்: "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

போனில் சொன்னால் கேஸ் என்பாள். அந்த வாரமே விமானம் ஏறினேன்.

6

முன்னறிவிப்பு இல்லாமல் கடை வாசலில் போய் நின்றேன். அக்கா கரண்டியோடு அப்படியே நின்றாள். பிறகு ஒன்றும் கேட்காமல் கல்லில் தோசை ஊற்றினாள். நான்கு தோசை. நான் ஒன்றில் பாதியைத் தின்றுவிட்டுக் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

"இன்னா, ஜப்பான்காரனுக்கு நம்ம தோசை எறங்கலியா?"

சொன்னேன். மொத்தமும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே கல்லின் கீழ் நெருப்பைக் குறைத்தாள்.

"சட்டையத் தூக்கு" என்றாள்.

தூக்கினேன். ஐந்தையும் பார்த்தாள். மாவுக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு ஒவ்வொன்றையும் தொட்டாள்.

"எப்ப நடந்துச்சு?"

"ரெண்டரை வருஷம் ஆச்சு."

"ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம பேசுனியே."

சட்டையை இறக்கிவிட்டேன்.

"கையெழுத்து யாரு போட்டா?"

"வேலை செய்ற எடத்துல ஒருத்தர்."

"நான் ஒருத்தி இருக்கும்போது எவனோ கையெழுத்துப் போட்டானா" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினாள். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

மறுநாள் டாக்டரிடம் கூப்பிட்டேன். அடுத்த பௌர்ணமி முடியட்டும் என்றாள், இன்னும் மூன்று வாரம். பௌர்ணமி மாசா மாசம் வரும்க்கா என்றேன். எனக்கு வந்ததுக்கு அவளுக்கு ஏன் வரவேண்டும், அவளுக்கு இருப்பது கேஸ் என்றாள். அப்போது பானு கடைக்குள் வந்து என்னிடம் சொன்னாள்: "அண்ணே, மூணு தடவ பிடிச்சிட்டேன் அக்கா ஜாக்கெட்ட. இன்னொரு தடவ பிடிக்க அதுல துணி இல்ல. கூட்டிட்டுப் போங்க." அக்கா அவளை முறைத்தாள். ஆனால் போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

டவுனில் ஒரு ஸ்கோப் சென்டர். வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். "பட்டினியா வரணுமாம். யாருகிட்ட சொல்றாங்க பாரு" என்று அக்கா ஆட்டோவில் சிரித்தாள். நான் வந்தபின் அவள் முதலில் சிரித்தது அதற்குத்தான்.

குழாய் உள்ளே இருக்கும்போது அவள் கையைப் பிடித்துக்கொள்ள என்னை அனுமதித்தார்கள். திரையைப் பார்த்தேன். விரிசல் பார்த்துப் பழகிய கண். டாக்டர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. இது சின்னக் கெட்டது இல்லை.

7

சதைத் துணுக்கு முடிவும் ஸ்கேனும் வந்தபின் அந்த டாக்டரம்மா மறைக்காமல் சொன்னார். "வேற உறுப்புக்குப் பரவல. அது நல்ல விஷயம். ஆனா வயித்துச் சுவர்ல ஆழமா எறங்கிடுச்சு, பக்கத்து நெறிகட்டிலயும் இருக்குற மாதிரி தெரியுது. மொதல்ல ஊசி மருந்து, அப்புறம் ஆபரேஷன், அப்புறம் மறுபடியும் ஊசி. சென்னைக்குத்தான் போவணும்."

"போயிடுவேனா?" என்றாள் அக்கா. உயிரைத்தான் கேட்டாள்.

"உங்கள அப்படி அனுப்பறதுக்கு இல்லம்மா இவ்ளோ பேசறேன். ஆனா பெரிய சண்டை. நல்லா சாப்ட்டு உடம்பத் தேத்திக்குங்க."

நான் ஹமாமட்சுவுக்குத் திரும்பி நீண்ட விடுப்புக்கு விண்ணப்பித்தேன். உடன்பிறந்தவர்களைப் பராமரிக்க இங்கே சட்டப்படி விடுப்பு உண்டு. ஆனால் உடன்பிறந்தவள் என்பதற்கு அத்தாட்சி வேண்டும். ஜப்பானியர்களுக்குக் குடும்பப் பதிவேடு இருக்கிறது, நகரசபையில் ஒரு தாள் வாங்கினால் முடிந்தது. எனக்கும் அக்காவுக்கும் நடுவே அப்படி என்ன தாள்? பிறப்புச் சான்றிதழ் அவளுக்கு இல்லை. பள்ளிச் சான்றிதழில் என் பெயர் இல்லை. கடைசியில் அக்கா டிரங்குப் பெட்டியிலிருந்து அப்பா காலத்து ரேஷன் புத்தகத்தைத் தேடி எடுத்து அனுப்பினாள். செல்வி, மகள். ரவி, மகன். பக்கத்தில் அரிசி, சர்க்கரை வாங்கிய குறிகள். அதை மீனா மொழிபெயர்த்துக் கொடுத்தாள். அலுவலகப் பெண்மணி நெடுநேரம் பார்த்துவிட்டு, "உங்கள் நாட்டில் அரிசி வாங்கும் புத்தகம்தான் அக்கா தம்பி என்று சொல்லுமா?" என்றாள். ஒரே உலையில் பொங்கினவர்கள் என்று சொல்லுகிறதே, அதைவிட என்ன சொல்லவேண்டும் என்று பதில் சொல்ல நினைத்தேன். என் ஜப்பானிய மொழிக்கு அது எட்டவில்லை. ஆமாம் என்றேன். முத்திரை குத்தினாள்.

ஊசி மருந்துக்குச் சென்னை போகும்போதெல்லாம் பானு கடையைப் பூட்டிவிட்டுக் கூடப் போனாள். அக்காவுக்கு முடி முழுக்கக் கொட்டியது. திருவண்ணாமலையில் மொட்டைத் தலையை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. கடைக்கு வந்தவர்களெல்லாம் எந்த ஊர்க் கோயிலில் வேண்டுதல் என்று விசாரித்தார்களாம்.

அறுவைக்கு நான் போய்விட்டேன். சம்மதப் படிவத்தில் உறவினர் கையெழுத்தை இந்தமுறை சரியான ஆளான நானே போட்டேன். எனக்கு மூன்றில் இரண்டு பங்கை எடுத்தார்கள், அவளுக்கு இரைப்பை முழுவதையும். உணவுக்குழாயை நேரே குடலோடு இணைத்தார்கள். நான் ஆஸ்பத்திரியில் இருந்தது பத்து நாள். அவள் இருந்தது நான்கு வாரம், அதில் ஐந்து நாள் தீவிர சிகிச்சையில். நான் மறுநாள் நடந்தேன். அவளை மறுநாள் இரண்டு பேர் பிடித்து நிறுத்தினார்கள், நின்ற இடத்திலேயே மயங்கினாள். பதினாலு கிலோமீட்டரை அடியடியாக அளந்தவள். வார்டின் கதவுவரை போய்வர அவளுக்கு ஒன்பது நாள் ஆயிற்று. நான் கூடவே நடந்தேன்.

அறுவை செய்த டாக்டரிடம் கேட்டேன். எடுத்ததன் ஓரங்கள் சுத்தமாக இருக்கின்றன என்றார். நெறிகட்டிகள் சிலவற்றில் இருந்தது, அதனால்தான் மறுபடி ஊசி என்றார். உறுதி கேட்காதீர்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேளுங்கள், சொல்கிறேன் என்றார்.

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அறிவுரை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, தெரியும். இருந்தாலும் உங்கள் வீட்டில் ஒருவருக்கு எரிச்சல் மாத்திரைக்கு அடங்கி அடங்கித் திரும்பி வந்தால், காரணமில்லாமல் இளைத்தால், ரெண்டு வாய்க்கே நிரம்பினால், அதற்கு நல்ல பெயர் எதுவும் வைக்காதீர்கள். குழாய் விட்டுப் பார்ப்பது கொஞ்ச நேர வேலைதான். உங்களுக்கு இந்த நோய் வந்திருந்தால், கூடப்பிறந்தவர்களிடம் அன்றைக்கே சொல்லுங்கள். அழட்டும். அழுதுவிட்டுப் போய்ப் பார்க்கட்டும்.

மீனாவுக்கும் பார்த்தோம். அந்தக் கிருமி அவளுக்கும் இருந்தது. ஒரு வாரம் மாத்திரை போட்டாள், போய்விட்டது. அவ்வளவுதான் அதன் வைத்தியம்.

8

அக்கா இப்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சாப்பிடுகிறாள். ஒரு வேளைக்கு ஒரு இட்லி. மாதம் ஒரு வைட்டமின் ஊசி போட்டுக்கொள்கிறாள், இரைப்பை இல்லாதவர்களுக்கு அது ஆயுள் முழுக்க வேண்டும். விரதம் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதல் பௌர்ணமியன்று கடையில் உட்கார்ந்து எல்லாரும் பார்க்க இட்லியைப் பிட்டுச் சாப்பிட அவள் பட்ட வெட்கத்தைப் பானு சொன்னாள். இப்போது பழகிவிட்டது. "சாப்புடுறதுதான் இப்ப எனக்கு விரதம்" என்கிறாள். மீனா ஞாயிறுகளில் திரும்ப வந்து உட்காருகிறாள். இருவரும் என்னை விலக்கிவிட்டு ஒரு மணி நேரம் பேசுகிறார்கள். மீனாவின் தமிழ் அப்படியேதான் இருக்கிறது, அதற்கு ஒரு குறையுமில்லை.

ஒன்றை மட்டும் அக்கா என்னிடம் கேட்கவேயில்லை. ஆஸ்பத்திரியில் நான்கு வாரம் பக்கத்திலேயே இருந்தேன், கேட்பாள் கேட்பாள் என்று பயந்துகொண்டு. விடுப்பு முடிந்து கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில், கடைக்குள் இரண்டு பேரும் ஆளுக்கொரு இட்லியோடு உட்கார்ந்திருந்தோம். எங்கள் இருவருக்கும் ஒரு இட்லிக்கு அரை மணி நேரம் ஆகும். என்னால் தாங்கமுடியவில்லை. நானே கேட்டேன்.

"அப்பவே சொல்லியிருந்தா உனக்கும் சின்னதா இருக்கும்போதே பாத்திருக்கலாம் இல்லக்கா?"

அவள் எல்லாவற்றையும் அண்ணாமலையார் மேல் ஏற்றுகிறவள். மாமா போனதை, அப்பா போனதை, நான் ஜப்பான் போனதை. இதையும் ஏற்றிவிடுவாள் என்று எனக்குள் ஒரு நப்பாசை. எல்லாம் அவன் எழுதினது, விடுடா என்பாள், நான் நிம்மதியாக விமானம் ஏறலாம்.

அக்கா வாயிலிருந்ததை மென்று முடித்தாள்.

"ஆமா" என்றாள். "பாத்திருக்கலாம். இத நான் அவன் தலைல போட மாட்டேன். இது நீ பண்ணது."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் அதைப் பார்த்தாள். இன்னொரு துண்டு பிட்டு, சட்னியில் தொட்டு, நிதானமாக மென்றாள்.

"கோவம் இருக்குது. இல்லன்னு சொன்னா பொய்யி. பொய்யெல்லாம் போதும் நமக்கு. ஆனா போயிடும்டா. ஒரே நாள்ல போவாது, கொஞ்சம் கொஞ்சமாத்தான் போவும். அதுக்கு நான் இருக்கணும் இல்ல? வருசா வருசம் வந்து பாரு, எவ்ளோ கம்மியாயிருக்குதுன்னு சொல்றேன்."

அதற்குப் பிறகு இரண்டு முறை போய்விட்டு வந்தேன். போய் இறங்கியதும் கேட்பேன். இன்னும் ஜாஸ்தியாத்தான் இருக்குது என்கிறாள். இருக்கட்டும், இன்னும் ரொம்ப வருடத்துக்கு இருக்கட்டும்.